பேன் பார்க்க வந்தவை

ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.
முதுகில் ஒரு துண்டுக் கடலைச் சுமந்தபடி
தெற்கிலிருந்து வருகிறது டோர்கில்ஸின் லாரி.
மூன்று சுரங்கப் பாதைக்கு ஒருமுறை நிறுத்தி
தொட்டி மூடியைத் திறந்து
டார்ச் அடித்துப் பார்ப்பானாம்.
"என்னைத் திட்டுதுங்க, குட்வேய்" என்பான்.
தடித்த உதடுகளைத்
திறந்து திறந்து மூடுவதை
வேறு எப்படித்தான் சொல்வது.

சால்மனை எடை போட்டு விற்கிறோம்.
இவற்றைத் தலை எண்ணி வாங்குகிறோம்.
பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்தது
கூண்டின் இடுக்கு வழியே வீடு திரும்பலாம்.
மற்றதெல்லாம்
வளர்ந்த குற்றத்துக்கு வடக்கே வருகிறது.

பிடித்துத் தரும் ஓஸ்முண்ட் சொல்வார்:
பாசியில் கூடு கட்டி
முட்டைக்குக் காவல் நிற்கும் ஆண்தான்
முதலில் அகப்படும்.
வாசலுக்கு வந்த எதையும்
விரட்டாமல் விடாது.
கூண்டு வாசலுக்கு வந்தால்
கூண்டையும்.

இங்கே ஒரு வலைக்குள்
லட்சத்து எண்பதாயிரம் சால்மன்.
வாரம் ஒருமுறை இருபதைத் தூக்கி
பேன் எண்ணுகிறேன்.
சராசரி அரைப் பேன் வரை இருக்கலாம்,
தாண்டினால் அரசாங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.
அரைப் பேன் எப்படி இருக்கும் என்றான் மகன்.
பேனைப் பெருமாளாக்கிச் சம்பளம் வாங்குகிறாய்
என்று சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.
தின்னத் தின்னத் தோல் விலகி
மண்டையோடு வெள்ளையாய்த் தெரிய
நீந்திக்கொண்டிருந்த மீனை
அவன் பார்த்ததில்லை.

புதியவை ஒளிந்துகொள்ள
கறுப்பு பிளாஸ்டிக் கீற்றுகளைத் தொங்கவிட்டிருக்கிறோம்.
பாசி என்று அதற்குப் பெயர்.
ஆகஸ்டில் நன்றாகத்தான் நடக்கிறது:
பெரிய மீன் அசையாமல் நிற்க
சின்னது விலாவில் ஏறி இறங்கி
தலைமாட்டில் உட்கார்ந்து
பேன் பார்க்கிறது.
பார்த்துக்கொண்டே நிற்பேன், காபி ஆறிப்போகும்.

டிசம்பரில் யாரும் யாருக்கும் பார்ப்பதில்லை.
குளிரில் விறைத்து
கீற்றோடு கீற்றாய் ஒட்டிக்கொள்கின்றன.
காலையில் வலையின் அடிக்குழாய்
செத்ததை உறிஞ்சி மேலே துப்பும்.
சால்மனுக்கு ஒரு வாளி, இவற்றுக்கு ஒரு வாளி.
ஒவ்வொன்றுக்கும் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும்:
புண். மெலிவு. துடுப்பழுகல். தெரியாது.
பிப்ரவரி முழுக்க என் விரல்
நான்காவதையே தொட்டது.

ஒன்று மட்டும் மிஞ்சியது.
செம்மண் நிறம், உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி,
மேலுதட்டில் எந்தக் காலத்துத் தூண்டிலோ
கிழித்த தழும்பு.
பெண்ணாய்ப் பிறந்து
நடுவயதில் சில ஆணாகிவிடும் இனம்;
இது எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
செதில் ஒன்றைக் கொண்டுபோன மருத்துவர் சோல்ருன்
வளையங்களை எண்ணிப் போன் செய்தாள்:
பதினேழு வயது.
என் மகனுக்குப் பதினான்கு.

மே மாதம் அறுவடைக் கப்பல் வந்தது.
வலை மேலே வர
கடைசிக் கீற்றின் மடிப்பில் அது இருந்தது.

விட்டுவிடலாம்.
ஓர் எட்டு வைத்தால் கடல்.
ஆனால் அது அதன் கடல் இல்லை;
அதன் உடம்பில் என்ன நோய் என்று தெரியாது;
இங்கே பாறையடியில் வாழும் அதன் சாதிக்கு
வேறு ரத்தம்.
சட்டம் சரிதான்.
சரியாக இருப்பதுதான் தொல்லை.

வாளியில் கடல்நீர் மொண்டு அதை இறக்கினேன்.
மயக்க மருந்து இன்னும் கலக்கவில்லை.
கையை எடுக்கவும் இல்லை.
ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது,
என் கையுறையின் மடிப்பில்
எப்போதோ ஒட்டியிருந்த பேன் ஒன்றை
கொத்தித் தின்றது.

பிறகு கலந்தேன்.

எண்ணிக்கை: ஒன்று.
காரணம்: பட்டியலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன்.
வேலை முடிந்தது என்று
எங்கும் இல்லை.
நான்காவதைத் தொட்டேன்.

தொட்டதும் திரையில் டோர்கில்ஸ்:
"சீசன் தொடங்கப் போவுது.
ஜூலைக்கு எத்தனை தலை வேணும்?"